படத்தில் விழாத விலை

ஒரே மாதிரி இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரு கடல் கழுகு நீரை நோக்கி இறங்குகிறது. கால்கள் முன்னால் நீண்டிருக்கின்றன, நகங்கள் விரிந்திருக்கின்றன, இறகின் நுனிவரை துல்லியம். பின்னணியில் பாக்காவ் மரங்களின் மங்கிய பச்சை. முதல் படத்தை எடுத்தவர் கோலசிலாங்கூர் ஆற்று முகத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காத்துக் கிடந்தவர். இரண்டாவதை எடுத்தவர், படகுக்காரர் வாளியிலிருந்து கோழித்தோலை அள்ளித் தண்ணீரில் வீசிய நேரத்தில் விசையை அழுத்தியவர். படங்களை மட்டும் கையில் கொடுத்தால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா?

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக்காரன். கிள்ளானில் வீடு, வார நாட்களில் கணக்குப் புத்தகம், விடுமுறையில் கேமரா. ஜெராம், செகிஞ்சான், கோலசிலாங்கூர் என்று இந்தக் கரையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். சேறு, பறவை, படகு, வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள். இதில் எனக்கு வருமானம் எதுவும் இல்லை, செலவுதான். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறோம். காலை ஏழு மணிக்கு ஜெட்டியில் மீனவர்களைவிட டிரைபாட்கள் அதிகமாக நிற்கும் நாட்களும் உண்டு. மேலே உள்ள கேள்வியை எங்கள் கூட்டத்தில் போட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "படம் நல்லா இருக்கா இல்லையா, அத பாரு லா. எப்படி எடுத்தா என்ன?"

இந்தப் பதிலைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. சோறு ருசியாக இருக்கிறதா என்றுதான் சாப்பிடுகிறவன் பார்ப்பான். அடுப்பு விறகா கேஸா என்று விசாரிப்பதில்லை. கவிதை படிக்கிறவன், கவிஞன் அதை எழுத எத்தனை இரவு கண்விழித்தான் என்று கணக்குப் பார்ப்பதில்லை. புகைப்படத்துக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

புகைப்படம் சாட்சி சொல்கிறது என்பதால். ஓர் ஓவியர் இறங்கும் கழுகை வரைந்தால் அவர் தன் மனதில் கண்டதைக் காட்டுகிறார். புகைப்படமோ "இது நடந்தது, நான் அங்கே நின்றிருந்தேன்" என்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற வனவுயிர்ப் புகைப்படப் போட்டியில், 2009ஆம் ஆண்டின் முதல் பரிசு இரவில் வேலிப்படலைத் தாண்டிப் பாயும் ஓர் ஓநாயின் படத்துக்குப் போனது. அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்தார்கள். 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. படமெடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அந்த வழக்கில் யார் சொன்னது சரி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பரிசு கொடுத்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் இடையில் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. அதே வெளிச்சம், அதே பாய்ச்சல். மாறியதெல்லாம் படத்துக்கு வெளியே இருந்தது.

ஆக, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது பொய்யா உண்மையா என்பதோடு முடிந்துவிடுகிறதா? நம் இரண்டாவது ஆள் நேர்மையானவர் என்று வைத்துக்கொள்வோம். படத்துக்குக் கீழேயே "கோழித்தோல் வீசி எடுத்தது" என்று எழுதிவிடுகிறார். இப்போது பொய் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்வையாளனுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. கழுகின் கணக்கு அப்படியே நிற்கிறது.

லங்காவியின் கிலிம் ஆற்றிலும், கோலசிலாங்கூரிலும், கோலசெப்பெத்தாங்கிலும் கழுகுக்கு இரை போடுவது சுற்றுலாவில் ஓர் அங்கம். செம்பருந்துகளுக்குப் படகுகள் பழகிவிட்டன. இன்ஜின் வேகம் குறைந்தாலே மேலே வட்டம் போட ஆரம்பித்துவிடும். இயற்கை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக இதை எதிர்த்துப் பேசுகிறார்கள்: கோழித்தோல் கழுகின் உணவல்ல, மனிதன் போடும் இரைக்குப் பழகிய பறவை வேட்டையை மறந்துபோகும். இதற்கும் கீழே ஒரு படி உண்டு. சிங்கப்பூரில் சிலர், மீன் மூழ்காமல் மிதப்பதற்காக அதற்குள் ஸ்டைரோஃபோம் துண்டைத் திணித்துக் கழுகுக்குப் போட்டார்கள். அப்படிச் செய்த ஒருவருக்கு 2017இல் நீதிமன்றம் 500 வெள்ளி அபராதம் விதித்தது. 2020இல் அங்கே சட்டம் கடுமையாகி, காட்டுயிர்களுக்குத் தீனி போடுவதே குற்றமானது. யோசித்துப் பாருங்கள்: அந்த மீனைத் தூக்கிக்கொண்டு பறக்கும் கழுகின் படம் எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! கழுகின் வயிற்றுக்குள் போன ஸ்டைரோஃபோம் படத்தில் விழாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஒவ்வொரு படத்துக்கும் யாரோ ஒரு விலை கொடுக்கிறார்கள். அந்த விலை எவ்வளவு, கொடுத்தது யார் என்பதை மட்டும் படம் காட்டுவதே இல்லை. அதைத் தெரிந்த ஒரே ஆள் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர். ஆகவே கேள்வி கேட்க வேண்டியவரும் அவர்தான்.

தமிழில் நாம் 'படம் பிடிப்பது' என்கிறோம். மலாயிலும் பேச்சு வழக்கில் 'தங்காப் காம்பார்' என்பார்கள், அதே பொருள். மீனைப் பிடிக்கிறோம், திருடனைப் பிடிக்கிறோம், படத்தையும் பிடிக்கிறோம். அதே சொல்லைத் திருப்பிப் போட்டால், 'எனக்கு இது பிடிக்கும்' என்று விருப்பமாகிவிடுகிறது. பிடித்ததைப் பிடிப்பது. எங்கள் பொழுதுபோக்கின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. ஒன்றின் மேல் உள்ள பிரியம் எந்த இடத்தில் அதன் கழுத்தை நெரிக்கும் பிடியாகிறது?

கண்ணுக்குத் தெரியாத விலைக்கு ஓர் உதாரணம், எங்கள் சிலாங்கூர் சேற்றுக்கரை. கடல் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் சேறு வெளியே வரும். வடக்கே சைபீரியா வரையிலிருந்து குளிர்காலத்தில் இறங்கிவரும் உள்ளான்களும் மூக்கன்களும் அந்தச் சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும். கடல் ஏறியதும் தின்ன இடமில்லை. கரையோரத்தில் ஓரிடத்தில் கூட்டமாக நின்று ஓய்வெடுக்கும். புகைப்படக்காரனுக்கு அதுதான் நல்ல நேரம். ஆயிரக்கணக்கில், நெருக்கமாக, கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நின்று தூங்கும் பறவைகள் படத்தில் எடுபடாது. சாம்பல் நிறக் கற்கள் மாதிரி இருக்கும். எழுந்து பறந்தால்தான் அழகு. அதனால் யாராவது ஒருவர் முன்னால் நடப்பார், அல்லது கை தட்டுவார். கூட்டம் முழுவதும் ஒரே அலையாக எழும்பும். பத்து கேமராக்கள் படபடவென்று அடிக்கும். "அடுத்த ரவுண்ட், அடுத்த ரவுண்ட்" என்று ஒரு குரல் கேட்கும்.

அந்தப் பறவைகள் எத்தகையவை என்று தெரிந்தால் கை தட்டுவது கஷ்டம். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. நம் கரைக்கும் அந்த இனப் பறவைகள் வருகின்றன. அவற்றுக்குக் கொழுப்புதான் பெட்ரோல். சேற்றில் தின்று சேர்த்ததை நாம் ஒவ்வொரு 'ரவுண்டி'லும் எரிக்க வைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து, எந்தக் கடலின் மேலேயோ ஒரு பறவைக்கு அந்தக் கடைசிச் சொட்டு போதாமல் போனால், அது நம் கணக்கில் எழுதப்படாது.

"ஒரு தடவை எழும்பினா செத்தா போயிடும்?" என்று கேட்பார்கள். போகாது. ஒருவர் ஒருமுறை செய்வது பெரும்பாலும் ஒன்றுமில்லைதான். ஆனால் 'ஒரு தடவைதானே' என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்? திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரைக்குப் பெலிம்பிங் ஆமைகள் முட்டையிட வந்த காலத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முறை அவை அங்கே கரையேறி முட்டையிட்டன. இன்று அந்தக் கரை கிட்டத்தட்ட வெறுமை. முட்டைகளை எடுத்துத் தின்றதும், மீன்பிடி வலைகளும்தான் பெரிய காரணங்கள். கேமராவை முதல் குற்றவாளி ஆக்க நான் வரவில்லை. ஆனால் அந்த இரவுகளில் கூட்டம் ஆமையைச் சூழ்ந்து டார்ச் அடித்ததும், முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்ததும், முதுகில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதும் உண்மை. ஒவ்வொருவருக்கும் அது ஒரு படம். ஆமைக்கு அது இரவு முழுக்க.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். கடலையே மண் போட்டு மூடுகிறவர்களை விட்டுவிட்டு, கழுத்தில் கேமரா மாட்டிய கணக்குப்பிள்ளையிடமா நியாயம் கேட்பது? பினாங்கின் தெற்குக் கரையில், மீனவர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தும், செயற்கைத் தீவுக்காகக் கடலை நிரப்பும் வேலை 2023இல் தொடங்கிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் பத்துப் பேர் கை தட்டியது எந்த மூலைக்கு?

அளவில் ஒப்பிடவே முடியாதுதான். ஆனால் பெரிய திருடன் ஊரில் இருப்பதால் சின்னத் திருட்டு தானமாகிவிடாது. அதோடு, இந்த எதிர்க்கேள்விக்குள்ளேயே எங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. சில சமயம் கேமரா மண் லாரியை நிறுத்தியிருக்கிறது.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், கிழக்கு முனையில் செக் ஜாவா என்ற இடம் உண்டு. கடல் வற்றினால் மணல்திட்டு, கடற்புல், சேறு, பாறை, அலையாத்திக் காடு எல்லாம் ஒரே நடையில் பார்க்கலாம். 2001இல் அங்கே நிலமீட்பு தொடங்கவிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் போய்ப் பார்த்தார்கள், பட்டியல் போட்டார்கள், படம் எடுத்தார்கள், மக்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். 2002 தொடங்கும்போது திட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தது. 2007இல் அங்கே மரநடைபாதை திறந்தார்கள். இன்றும் அங்கே நட்சத்திர மீன்கள் இருக்கின்றன.

அந்த வேலைக்கு உதவிய படம் எந்த வகைப் படம் என்பதைக் கவனிக்க வேண்டும். வரவேற்பறைச் சுவரில் மாட்டும் அழகுப் படத்தைவிட, இது இன்ன உயிர், இன்ன இடத்தில், இன்ன தேதியில் இருந்தது என்று சொல்லும் படம்தான் அங்கே தேவைப்பட்டது. 'கடலோர அழகு' என்று தலைப்பிட்ட சூரிய உதயப் படம் எந்தக் கரைக்கும் பொருந்தும். அதனாலேயே எந்தக் கரையையும் காப்பாற்றாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது என்றால், அது பெயர் தெரிந்துகொள்வதில் தொடங்குகிறது.

ஆனால் பெயரும் இடமும் சொல்வதில் ஒரு முள்ளும் இருக்கிறது. ஓர் ஆந்தைக் கூட்டின் இடத்தைக் காலையில் வெளியிட்டால் மாலைக்குள் முப்பது பேர் அடியில் நிற்பார்கள். குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய் கிட்டே வராது. எனவே கூட்டின் இடத்தைச் சொல்லாதே என்கிறது ஒரு தர்மம். அழியப்போகும் கரையை ஊருக்கெல்லாம் சொல் என்கிறது இன்னொன்று. இரண்டும் முரண்படுவது போலத் தெரிகிறது. நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: சொன்னால் இங்கே யார் வருவார்கள், சொல்லாவிட்டால் யார் வருவார்கள்? சொன்னால் கூட்டம் வரும் என்றால் வாயை மூடிக்கொள்வது நல்லது. சொல்லாவிட்டால் புல்டோசர் வரும் என்றால் மௌனம்தான் குற்றம். உண்மை பேசுவதா மறைப்பதா என்பதைப் பொது விதியாக வைத்துக்கொள்ள முடியாத இடம் இது. அந்தந்தக் கரையைத் தெரிந்தவன்தான் முடிவு செய்ய முடியும்.

இதுவரை பேசியது வாய் பேசாத உயிர்களைப் பற்றி. கடற்கரையில் பேசத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒருமுறை செகிஞ்சான் பக்கம் ஜெட்டியில் வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான மலாய்க்காரரிடம், "பாங், ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடுத்துக்கோ. நேத்து எடுத்தவனும் நண்டு வாங்கல," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவரே தொப்பியைச் சரி செய்துகொண்டு, பெரிய நண்டு ஒன்றைத் தேடி எடுத்து, நேராக உட்கார்ந்தார்.

எங்கள் ஆட்கள் சொல்வார்கள், கேட்டால் படம் கெட்டுவிடும் என்று. உண்மைதான், நான் பார்த்த படம் கெட்டுவிட்டது: குனிந்த முதுகு, சுருங்கிய விரல்கள், பக்கவாட்டில் விழுந்த காலை வெளிச்சம், 'உழைப்பு' என்று பெயர் வைக்கக்கூடிய படம். அதற்குப் பதில் கிடைத்தது நண்டைத் தூக்கிக்காட்டும் ஒரு மனிதர். முதல் படம் என் மனதில் மீனவர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, அவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பது. முகம் அவருடையது, இரண்டில் எது உரிமையுள்ள படம் என்று எனக்குச் சந்தேகமில்லை. நண்டும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பேரம் பேசவில்லை.

அவருக்கு வாய் இருந்தது, கேலி செய்யும் தைரியம் இருந்தது. எல்லாருக்கும் அது இருக்காது. சபாவின் செம்பூர்ணாவிலிருந்து வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி நீலக் கடல், காற்றில் மிதப்பது போல ஒரு சின்னப் படகு, அதில் வெயிலில் செம்பட்டையான தலைமுடியோடு ஒரு பஜாவ் லாவுட் பிள்ளை. எங்கள் குழுவில் யாராவது அங்கே போய்வந்தால் ஒரு வாரத்துக்கு இந்தப் படங்கள்தான். போகிறவர்களுக்கு ஓர் ஆலோசனையும் சேர்ந்தே வரும்: "மிட்டாய், பிஸ்கட் எடுத்துட்டுப் போங்க. காட்டினா பிள்ளைங்க படகைத் தள்ளிக்கிட்டு கிட்ட வரும்."

கோழித்தோலும் மிட்டாயும் ஒரே வாக்கியத்தில் வருவது எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. பிள்ளையைப் பறவையோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஆனால் அந்த இரண்டு படகிலும் நடப்பது ஒரே முறை. மிட்டாய்க்குக் கை நீட்டும் பிள்ளையிடம் வாங்கிய சம்மதத்துக்கு என்ன பெயர்? பஜாவ் லாவுட் மக்களில் பலருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளையின் முகம் உலகம் பூரா சுற்றுகிறது. பிள்ளைக்குச் செம்பூர்ணா ஊருக்குள் போலீசைப் பார்த்தாலே பயம். 2024 ஜூனில் அங்குள்ள துன் சகாரான் கடல் பூங்காவில் அவர்களுடைய வீடுகள் அகற்றப்பட்டன. பாதுகாப்புக் காரணம் என்றார்கள் அதிகாரிகள். அதே தூண்வீடுகள்தான் ஆண்டுக்கணக்காக எங்கள் படங்களில் 'சொர்க்கம்' என்ற தலைப்போடு நின்றவை. இத்தனை ஆயிரம் படங்களில், இந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை இல்லை என்று ஒரு வரி எழுதியவர்கள் எத்தனை பேர்? செக் ஜாவாவில் கடற்புல்லுக்குக் கிடைத்த சாட்சி இங்கே மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் விதிகளின் பட்டியல் போட முடியும், போட்டும் இருக்கிறார்கள். இரை போடாதே, கூட்டை நெருங்காதே, ஃபிளாஷ் அடிக்காதே, கேட்டு எடு. நல்ல விதிகள். ஆனால் விதி இருக்கும் இடத்தில் அதன் ஓரத்தில் நிற்கத்தான் மனம் போகிறது. இருபது மீட்டர் தூரம் என்றால் இருபதாவது மீட்டரில் போய் நிற்போம். அதைவிட அடிப்படையான ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதைத்தான் நாங்கள் பயன்படுத்துவதில்லை.

பத்திரிகைக்காரர் படம் இல்லாமல் திரும்ப முடியாது, ஆசிரியர் கேட்பார். ஆய்வாளருக்கு அது தரவு. கல்யாணப் படக்காரர் முன்பணம் வாங்கியவர். ஆசைக்கு எடுக்கும் எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கள் படம் உலகில் யாருக்கும் தேவையில்லை. கேட்க வருத்தமாக இருக்கலாம். ஆனால் இதற்குள்தான் எங்கள் சுதந்திரம் இருக்கிறது. எடுக்காமல் திரும்ப முடிகிற ஒரே புகைப்படக்காரர்கள் நாங்கள். தேவையின் பெயரால் ஒரு பறவையை எழுப்புகிறவருக்காவது ஒரு சாக்கு இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை. பிரியத்தினால்தான் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பிரியம் உண்மையா என்று சோதிக்க, வெறும் கார்டோடு வீடு திரும்ப முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

முடியாது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, ஒருமுறை கம்போங் குவாந்தானுக்குப் போங்கள். நிலா இல்லாத இரவு நல்லது. துடுப்புப் போடும் சம்பானில் நாலு பேர் உட்காரலாம். சிலாங்கூர் ஆற்றின் இரு கரையிலும் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். ஃபிளாஷுக்குத் தடை. இருட்டில் ஆடும் படகில் கேமரா எதையும் உருப்படியாகப் பிடிக்காது. கரையில் டிரைபாட் வைத்து, லென்ஸை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. மரம் நிறைய மஞ்சள் புள்ளிகளோடு தீபாவளி விளக்கு போல இருக்கும். ஆனால் நேரில் பார்ப்பது அது இல்லை. நேரில் அவை எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணைகின்றன. மரமே மூச்சு விடுவது போல. அந்தத் துடிப்பு, அந்த இடைவெளியில் வரும் இருட்டு, அதுதான் அங்கே விஷயம். அரை நிமிட வெளிச்சத்தை ஒன்றாகச் சேர்த்துவிடும் படத்தில் இருட்டுக்கு இடமில்லை.

துடுப்புப் போடுகிறவர் மரத்துக்குப் பக்கத்தில் படகை நிறுத்துவார். சில சமயம் ஒரு பூச்சி கையில் வந்து உட்காரும். கொஞ்ச நேரம் மின்னிவிட்டு, தானாகவே போய்விடும்.